வாணலியும் என் கல்யாண மோதிரமும்

இரண்டாயிரத்துச் சொச்சத்து ஹைதராபாத்தில், மண்ணைப் பார்த்ததும் "கெஜம் என்ன விலை?" என்று கேட்காத ஒரே மனிதர் வாணலிதான். மற்ற அத்தனை பேரும், அடியேன் உள்பட, மண்ணை மனையாகப் பார்த்தோம். அவர் அதை வாணலியில் போட்டு அலசிப் பார்த்தார்; பெயரும் அப்படி வந்ததுதான்.

ஹப்சிகுடாவில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கிரானைட் விற்றுச் சம்பாதித்த எங்கள் எம்.டி.க்கு, தங்கத்தின் விலை ஏற ஏற, கைவிடப்பட்ட பழைய தங்கக் குழிகளின் மேல் காதல் வந்தது. அந்தக் குழிகளில் மிச்சம் மீதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல இரண்டு ஜியாலஜிஸ்டுகளை வைத்துக்கொண்டார். ஒருவன் நான்: திருச்சிக்காரன், கம்ப்யூட்டர் தெரிந்தவன். இன்னொருவர் வாணலி. இரண்டு பேருக்கும் ஒரே வயது, சேர்ந்ததும் ஒரே மாதம். ஆகவே பொறாமைப்படுவதற்கு எல்லா வசதியும் இருந்தது.

அவர் செகந்திராபாத் ரயில்வே ஒர்க்ஷாப் குடும்பம். மூன்று தலைமுறையாக அங்கேயே இருந்ததால் அவருடைய தமிழில் ஆமாமுக்கு 'ஹவ்'வும் வேண்டாமுக்கு 'நக்கோ'வும் கறிவேப்பிலை மாதிரி கிடக்கும். காதுகளை அறுத்தெடுத்த ஓர் இரும்பு வாணலியை எப்போதும் தோள் பையில் வைத்திருப்பார். மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டு ஒரு சுழற்று, ஒரு தட்டு. மண் வழிந்து போய்விடும். கனமான தங்கப்பொடி இருந்தால் அடியில் தங்கும். அதில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் படக்கூடாது. பட்டால் பொடி தண்ணீரோடு மிதந்து ஓடிவிடும். கம்பெனி மண் அலச வாங்கிக் கொடுத்த வெளிநாட்டுத் தட்டில் அவர் சப்பாத்தி வைத்துச் சாப்பிட்டார்.

எங்கே போர்வெல் போட்டாலும் குழாயடியில் போய் வாணலியை நீட்டுவார். ஒரு தடவை அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பார்த்துவிட்டு, படித்த மனிதருக்கு என்ன கஷ்டமோ என்று இரண்டு இட்லி வைத்து, மேலே தாளித்த சட்னியையும் ஊற்றிவிட்டான்.

"அரே, எண்ணெய்யா! கைக்கு பாய், கைக்கு?" என்று, அதாவது எதுக்கு என்று, அலறினாராம். இட்லியைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் சீயக்காய் போட்டு வாணலியைத் தேய்த்தார்.

இப்படிப்பட்டவர் மேல் எதற்குப் பொறாமை என்று கேட்பீர்கள். நான் மூன்று வாரம் உட்கார்ந்து, பூமியைக் குறுக்காக வெட்டி, சிவப்பு மஞ்சள் நீலம் என்று மேப் போட்டுக்கொண்டு போய் நிற்பேன். எம்.டி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "சால பாகுந்தி", ரொம்ப நன்றாயிருக்கிறது, என்பார். அப்புறம் அதன்மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு, "பாணலி காரு ஏமன்டாரு?" என்பார். வாணலி என்ன சொல்கிறார்!

வீட்டிலாவது நிம்மதி உண்டா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், என் மனைவி அரிசியில் கல் பொறுக்குவதைப் பார்த்தார். "நகருங்க சிஸ்டர்" என்று சொல்லி ஒரு படி அரிசியை வாணலியில் வாங்கி, நாலு சுழற்று சுழற்றி, கல்லையெல்லாம் ஒரு மூலைக்குக் கொண்டுவந்து காட்டினார். "குவார்ட்ஸ். இது ஃபெல்ஸ்பார். நல்ல கடைதான், ரொம்பக் கலப்படம் இல்ல" என்றார்.

அன்று ராத்திரி என் மனைவி கேட்டாள்: "நீங்களும் அதேதானே படிச்சீங்க?"

கர்னூலுக்கு அந்தப் பக்கம் ஒரு செம்மண் மேடு எங்களிடம் வந்தது. எந்தக் காலத்திலோ யாரோ தோண்டிய இருபது முப்பது குழிகள். பாறைகளில் உரல் மாதிரி பள்ளங்கள். தங்கக்கல்லை இடித்த இடம். நடுவே வெள்ளைக்காரன் ஒருவன் இறக்கிப் பார்த்து விட்டுப்போன கிணறு. அந்தப் பழைய ஆட்களை வாணலி 'சீனியர்ஸ்' என்றுதான் சொல்வார்.

"சீனியர் இங்க நிறுத்திட்டான் பாருங்க. அவன் முட்டாள் இல்ல. ஒண்ணு, தண்ணி வந்திருக்கும். இல்ல, தங்கம் போயிருக்கும். தண்ணி வந்த குழியத்தான் நாம பிடிக்கணும்."

"என் மேப்பில் சிவப்பு வடக்கே இருக்கிறது" என்றேன். சிவப்பு என்றால் தங்கம் இருக்கக்கூடிய இடம்.

"உங்க மேப் நல்லாருக்கு, கலர்பிரிண்ட்டு" என்றார். அவர் எனக்கு வைத்த பெயர் அது. "சீனியருக்குத்தான் கலர் தெரியாது."

எம்.டி. வாடகைக்கு எடுத்திருந்தது ஒரே ஒரு துளை போடும் மெஷின். ஒரே ஓர் இடத்தில்தான் துளை. வடக்கே என் சிவப்பா, தெற்கே அவருடைய தண்ணீர்க் குழியா? யாருடைய இடமோ அவர்தான் அந்த வேலைக்குத் தலைவர் என்று சொல்லிவிட்டார். அந்தப் பதவிக்காக நான் இருந்த தவிப்பில் எனக்கு இட்லிகூட ஜீரணமாகவில்லை.

வாணலியிடம் ஒரு சட்டம் உண்டு. மாதிரி எடுக்கப் போகுமுன் எல்லோரும் தங்கத்தைக் கழற்ற வேண்டும். ஒரு பால்பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவார்: மோதிரம், சங்கிலி, எம்.டி.யின் நவரத்தினம், எல்லாம் உள்ளே. கூலிக்கு வந்த பெண்களிடம் மட்டும் தாலியைக் கேட்காமல், "அம்மா, நீங்க மண்வெட்டியோட நிறுத்திக்குங்க, கல்லை நாங்க தொடுறோம்" என்பார். குவார்ட்ஸ் கல் தங்கத்தைவிடக் கெட்டி. உரசினால் மோதிரம்தான் தேயும். கடுகில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்து விழுந்தாலும் லேப் ரிப்போர்ட்டில் அது சுரங்கமாகத் தெரியும்.

அவர் மெஷின்காரரைப் பார்க்கக் கர்னூலுக்குப் போன ஒரு நாள், வடக்கே நான் தனியாக மாதிரி எடுத்தேன். டப்பா ஞாபகம் இருந்தது. இந்த ஆள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் கழற்ற வேண்டுமா என்ற ரோஷமும் இருந்தது. கல்யாண மோதிரத்தைக் கழற்றவில்லை. கல்லை நானே இடித்து, நானே கையால் கலந்து, நாலாகப் பகிர்ந்து, பாதியை லேபுக்கு அனுப்பி மீதியைப் பையில் கட்டி வைத்தேன்.

ரிப்போர்ட் வந்தது. டன்னுக்கு எட்டு கிராம்! எம்.டி. முதல்முறையாக என் மேப்பின் மேலிருந்து டீ கிளாஸை எடுத்தார். ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு. நான் ஹப்சிகுடா மெயின் ரோட்டில் நடந்தபோது ஆட்டோக்கள் எனக்காக ஒதுங்கியதாக நினைவு. வாணலி கை குலுக்கிவிட்டு, "மீதிப் பை குடுங்க, பாக்கணும்" என்று மட்டும் கேட்டார். வயிற்றெரிச்சல் என்று நினைத்து, பெரிய மனது பண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் மீட்டிங். மெஷினை வடக்கே நகர்த்தச் சொல்லி எம்.டி. வாயைத் திறக்கும் நேரம். வாணலி எழுந்து நின்றார்.

"சார், அந்த வடக்கு சாம்பிள் நக்கோ. கெட்டுப்போச்சு. டப்பா சட்டத்தை மீறியாச்சு."

"யார் மீறினது?" என்றார் எம்.டி.

"நான்தான் சார். கலக்குறப்ப நானும் கை வச்சேன். என் மோதிரம்."

வாணலிக்குப் பொய் சொல்ல வராது. அவர் விரலில் மோதிரமே கிடையாது. இருந்த அடையாளமும் கிடையாது. அன்றைக்கு அவர் கர்னூலில் இருந்ததும் எல்லோருக்கும் தெரியும். எம்.டி. அவருடைய வெறும் பத்து விரல்களையும் பார்த்தார். பிறகு, மேஜைக்கு அடியில் போய்விட்ட என் கைகள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். கிரானைட் வியாபாரம் செய்தவர். விரிசலைக் கண்டுபிடிக்கத் தெரியும். "சரே" என்றார். மெஷின் தெற்கே போனது.

அந்த நிமிஷம் எனக்கு நன்றி வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது பொறாமை. என் தப்பைக்கூட அவர்தான் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டாரே!

படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். "எப்படித் தெரிந்தது?"

"பூமியில இருக்கிறது வெளிறி, உருண்டையா இருக்கும். இது சிவந்து, சீவல் மாதிரி சுருண்டிருந்துச்சு. செம்பு கலந்த நகைக்கடைத் தங்கம்." பையிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தார். தண்ணீருக்கு அடியில், கண்ணைச் சுருக்கினால் தெரிகிற மாதிரி ஒரு மினுக்கு. "உட்கார்ந்து எல்லாத்தையும் அலசி எடுத்துட்டேன். சிஸ்டரோட சொத்து. திருப்பிக் குடுத்துருங்க."

தெற்கே போட்ட துளையில் தங்கம் இருந்தது. ஆனால், சுரங்கம் போடக் காணாது. "சீனியர் தட்டை வழிச்சு நக்கிட்டுப் போயிருக்கான்" என்று வாணலி சந்தோஷமாகச் சொன்னார். எம்.டி. அப்புறம் வீட்டுமனை வியாபாரத்துக்குப் போய்விட்டார். நானும் கூடப் போய் மனைகளுக்குக் கலர் மேப் போட்டேன். வாணலி ஆப்பிரிக்காவில் ஏதோ சுரங்கத்துக்குப் போனார். தன் இரும்பு வாணலியை செக்-இன் செய்ய மாட்டேன் என்று ஷம்ஷாபாத் ஏர்போர்ட்டில் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்; நான்தான் பக்கத்தில் நின்று, அது பாத்திரமில்லை, கருவி என்று அதிகாரிக்கு விளக்கினேன்.

அந்தக் குப்பியை இன்று வரை என் மனைவியிடம் கொடுக்கவில்லை. என் மேஜை டிராயரில், அவள் கைபடாத மூலையில் இருக்கிறது. உள்ளே இருக்கிற தங்கம் அவள் வீட்டில் போட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாணலி அலசிக் கொடுத்தது எனக்கு.