ரோஸ்லினுக்கு ராஜயோகம்

எரியோட்டில் தேங்காய்ச் சாமியார் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. திண்டுக்கல் மாநகராட்சித் தேர்தல் வருகிறதல்லவா! வேட்பாளர் பெயரைச் சொன்னால் போதும். சாமியாரின் உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் எழுந்து நிற்கும். நின்றால் வெற்றி. இதுவரை எவருக்கும் அது படுத்தே கிடந்ததில்லை. காணிக்கை வாங்கிய தேங்காய் எப்படிப் படுக்கும்?

திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் அரசியல் பாடம் நடத்தும் ரீனா, மதமும் அரசியலும் பற்றிய தன் ஆராய்ச்சிக்காக அங்கே போயிருந்தாள். வரிசையில் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் ஞானராஜ்! அதே பொருளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து, மூடநம்பிக்கையைக் கிழிகிழியென்று கிழித்து எழுதியவர்.

"சார், நீங்களும் ஆராய்ச்சிக்கா?"

பேராசிரியர் நெளிந்தார். "இல்லம்மா. போன வாரம் எனக்குத் தேங்கா நின்னுருச்சு. வேலைய விட்டுட்டுக் கவுன்சிலருக்கு நிக்கப் போறேன். மனுப் போட நல்ல நேரம் கேக்க வந்தேன்."

மனிதர் வேலையையும் இழப்பார், மானத்தையும் இழப்பார். ரீனா அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு சாமியார் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"சாமி, சிறுமலை ரோஸ்லின் ஜெயிப்பாங்களா?"

சாமியார் கண்ணை மூடினார். விரல்கள் மெல்லக் குவிந்தன. தேங்காய் நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ராஜயோகம்! கட்சிக்காக அம்புட்டுச் சுமந்த அம்மா. பேசியே ஊரக் கவுத்துரும்!"

"சுமந்தது நெசந்தான் சாமி. வாழத்தாரு." ரீனா கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள். திரையில் ஒரு பொதிக்குதிரை பல்லைக் காட்டியது. "ரோஸ்லின், எங்க சித்தப்பா குதிர!"

சாமியாரிடமிருந்து தேங்காயை வாங்கிப் பலகையில் வைத்தாள். "இப்ப நிக்கச் சொல்லுங்க."

அது உருண்டு அவர் கால்விரலிலேயே விழுந்தது. "ஆத்தாடி!" என்று அருள்வாக்கு வந்தது.

"ஏலே, அப்ப எனக்கும் என் எதிராளிக்கும் சேத்தேதான் நின்னுச்சா?" என்று பாய்ந்தார் வரிசையில் நின்ற வேட்பாளர் அழகுராஜா. சாமியார் நொண்டிக்கொண்டே கொல்லைப்புறமாக ஓடினார்.

"வேலைய விடலம்மா," என்றார் பேராசிரியர் மெதுவாக. "இத மட்டும் ஆராய்ச்சில எழுதிராத."

"உங்களுக்குத் தனி அத்தியாயமே இருக்கு சார்."

மக்களே! தேங்காய்க்குள் தண்ணீர் இருக்கிறது, தலைக்குள் மூளை இருக்கிறது. ஓட்டுப் போடப் போகும்போது எதைக் கொண்டுபோவதாக உத்தேசம்?