குப்பை வண்டியின் இசைச் சேவை

மக்களாட்சியில் ஆளுவோருக்கு இருக்கும் ஒரே தொல்லை மக்கள்தான். அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தத் தொல்லையை ஒழித்துக்கட்டிய பெருமை, தைவானின் தென்கரையில் இருக்கும் எங்கள் சின்ன நகராட்சியையே சேரும். குப்பை அள்ளுவதைத் தனியாரிடம் கொடுத்துவிட்டோம். நகராட்சிச் செயலாளர் என்ற முறையில் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் மாலையில் குப்பை வண்டி பியானோ இசையை ஒலித்துக்கொண்டு வரும். ஊரே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அதில் வீசும். அந்த இசை கேட்டால் எங்கள் ஊரில் பிணம்கூட எழுந்து பையைத் தேடும். ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் இந்த முறையைச் 'செம்மைப்படுத்தியது'. இப்போது ஒரு ஸ்கூட்டர், அதில் ஓர் ஒலிபெருக்கி. இசை மட்டும் குறித்த நேரத்துக்கு வந்துவிடுகிறது. வண்டிதான் வருவதில்லை.

மீன்கடை குவோ சுன்-யிங் அக்காவுக்கு இந்த முன்னேற்றம் பிடிபடவில்லை. மீன்குடல் நிரம்பிய பையோடு மன்றக் கூட்டத்துக்கே வந்து, அதை மேயர் லியாவின் மேசைமேல் வைத்தார்.

"ஐயா, இது நாறுது. சாயங்காலம் உங்க சுகாதார ஆய்வாளர் வர்றாரு. இதைப் பாத்தா கடைக்குப் பூட்டுப் போட்டுருவாரு. தெருவுல போட்டா அபராதம். நான் என்னதான் செய்ய?"

"அக்கா, குப்பை இப்ப நிறுவனத்தோட பொறுப்பு. அபராதம் மட்டுந்தான் எங்க பொறுப்பு" என்றார் மேயர், மூக்கைப் பிடித்துக்கொண்டே.

நிறுவன மேலாளர் துவான் எழுந்தார். "ஒப்பந்தப்படி, வண்டி வர்றதை மக்களுக்கு 'அறிவிக்கணும்'. தினமும் அறிவிச்சிட்டுத்தானே இருக்கோம்!"

"எங்க, அந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்க."

"அது வியாபார ரகசியம்க்கா. மேயரே இன்னும் படிக்கல."

மேயர் பெருமையோடு தலையாட்டினார். "கையெழுத்து மட்டுந்தான் போட்டேன்."

"ரகசியமா இருக்க வேண்டியது நாங்க போடுற ஓட்டுன்னுல்ல நெனச்சேன்!" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் இசை கேட்டது. பழக்கம் யாரை விட்டது! மேயர் மேசையிலிருந்த பையைப் பாய்ந்து எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். ஸ்கூட்டர் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"யோவ், நில்லுய்யா! வண்டி எங்கய்யா?" என்று கூவினார் மேயர்.

"பின்னால வருதுங்க!" என்று கத்திவிட்டு ஓட்டுநர் மறைந்தார்.

பையிலிருந்து மீன்குடல் நீர் மேயரின் பளபளக்கும் காலணியில் சொட்டியது. அவர் பையைத் துவானிடம் நீட்டினார். துவான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்து மேயர் என்னிடம் நீட்டினார். நான் கூட்டக் குறிப்பு எழுதுவதில் மூழ்கிவிட்டேன்.

"பத்திரமா வச்சிக்கங்க ஐயா" என்றார் சுன்-யிங் அக்கா. "ஆய்வாளர் வர்ற நேரமாச்சு. நான் போயி கடையைக் கழுவணும்."

மேயர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும்: அவர் பதவியேற்ற நாள்முதல், மக்கள் கொடுத்த ஒன்றை அடுத்தவர் தலையில் கட்டாமல் தன் கையிலேயே வைத்திருப்பது இதுதான் முதல் தடவை. அதுவும், வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காததால்.