உளிக் கட்சிக்காரர்

ஞானப்பல்லைப் பிடுங்கினால் ஞானம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடுங்கிய பிறகுதான் அது வருகிறது. தன் கடைவாய்ப் பல்லை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரே தகுதியில் ஊரார் வாய்க்கெல்லாம் அதிகாரியாகிவிட்ட ஓர் இனம் மயிலாப்பூர் மாட வீதிகளில் திரிகிறது. இவர்களில் இரண்டு கட்சி. எலும்பை உளி வைத்துத் தட்டி எடுத்துக்கொண்டவர்கள் ஒன்று. மின்சார ட்ரில்லால் குடைந்து எடுத்துக்கொண்டவர்கள் மற்றொன்று. வடகலை, தென்கலை எல்லாம் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும்.

எங்கள் ஸ்ரீரங்கன் உளிக் கட்சி. யாருக்காவது கன்னம் வீங்கியது என்று காதில் விழுந்தால் போதும், ஆபீசுக்கு லீவு போட்டு, பல்லவன் பஸ் பிடித்து, கையில் டார்ச்சுடன் நலம் விசாரிக்கப் போய்விடுவார். போன மாதம் அகப்பட்டவர் பாண்டி பஜார் ஜவுளிக்கடை நல்லசிவம். அன்று காலையில்தான் அவருக்குப் பல்லை எடுத்திருந்தார்கள். பஞ்சை இறுகக் கடித்திருக்க வேண்டும், வாயைத் திறந்தால் ரத்தம் மறுபடி கிளம்பும் என்பது டாக்டர் உத்தரவு.

"உளியா, ட்ரில்லா?" என்றபடியே நுழைந்தார் ஸ்ரீரங்கன்.

நல்லசிவத்தின் மனைவி தங்கம் குறுக்கே வந்தாள். "ட்ரில்லுதான். அவுக பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ."

"அவர் ஏம்மா பேசணும்? நான்னா பேசப் போறேன்."

பேசினார். உளி பட்ட எலும்பு எப்படிச் சுத்தமாகப் பிளக்கும், ட்ரில் பட்டது எப்படிச் சூடேறிக் கருகும், தனக்குத் தையல் போட்டவரின் கைராசி, மறுநாளே தான் முறுக்குத் தின்றது, நல்லசிவமோ ரசம் சாதத்துக்கே தவிக்கப் போவது என்று, காப்பி வந்து, டம்ளர் காலியாகி, மறுபடி காப்பி வந்த பிறகும் பேசினார். நோயாளி தலையை ஆட்டினால் அது ஆமோதிப்பு. ஆட்டாவிட்டால் மருந்து மயக்கம் இன்னும் தெளியவில்லை. தப்ப வழி உண்டா?

ஒருவழியாக எழுந்தார். "அப்போ நான் வரட்டுமா?"

கைக்குட்டைகூட வாங்காமல் கடையை விட்டு இறங்குகிறவரையும் வாய் நிறைய வழியனுப்பிப் பழகியவர் நல்லசிவம். வீடு தேடி வந்தவரைச் சும்மா அனுப்ப அவருக்கு மனம் வருமா? "போயிட்டு வாங்க" என்றார். பஞ்சு மடியில் விழுந்தது. பின்னாலேயே ரத்தம். சலவை வேட்டி பாழ்.

தங்கம் பதறிப்போய்த் துண்டு எடுக்க ஓடினாள். ஸ்ரீரங்கன் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"பாத்தேளா? ட்ரில்லுன்னா இப்படித்தான்."

எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வருகிறது. உங்களுக்கும் வருகிறதல்லவா? சந்தோஷம். ஆனால் படிக்கும்போதே உங்கள் நாக்கு மெல்லக் கடைவாய்ப் பக்கம் போய்த் தடவிப் பார்த்ததே, "அப்படியில்லை சார், எனக்கு எடுத்தபோது..." என்று ஆரம்பிக்க வாய் துறுதுறுத்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வேண்டாம், சொல்லாதீர்கள்.