தம்மபாலன் வண்டி குடிக்காத பெட்ரோல்

ஏசுபாதம் ஒரு தென்னங்குச்சியை ஸ்கூட்டரின் பெட்ரோல் டாங்கிக்குள் விட்டு எடுத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நேற்று ஒரு விரற்கடை நனைந்திருந்த குச்சி இன்று அரை விரற்கடைதான் நனைந்திருந்தது.

"இன்னாங்க, புள்ளைக்கு ஜுரம் எறங்கிச்சா?" என்று உள்ளேயிருந்து கிண்டலாகக் கேட்டாள் மனைவி பியாட்ரிஸ்.

"நிக்கிற வண்டியிலயே கொறையுது பியாட்ரிஸ். எப்படிக் கொறையுதுன்னு பாத்துகினு இருக்கேன்."

"நல்லா பாருங்க. ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும் சுந்தரராஜ் வர்றான். அப்புறம் பாக்கறதுக்கு வண்டி இருக்காது."

சுந்தரராஜ் அவளுடைய தம்பி. பெங்களூரில் கம்பெனி வேலை, கல்யாணம் ஆகாததால் தாராளக் கை, ஸ்கூட்டர் மேல் முதல் நாளிலிருந்தே ஒரு கண். ஏசுபாதமோ அந்த ஸ்கூட்டருக்குப் பெயரைப் பதிந்துவிட்டு ஏழு வருஷம் காத்திருந்தவர். மகள் பிறப்பதற்கு முன் பதிந்தது, அவள் ஒன்றாம் வகுப்பு முடித்த பிறகு வந்து சேர்ந்தது. வந்த இரண்டாம் மாதமே எங்கோ அரபு தேசத்தில் எண்ணெயை நிறுத்தினார்கள், இங்கே ஆண்டர்சன்பேட்டை பெட்ரோல் பங்கில் விலை ஏறியது. எழுபத்து நாலாம் வருஷம் பிறப்பதற்குள் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. உலகம் தன் ஒருவனைத்தான் குறி பார்த்து அடித்ததாக ஏசுபாதம் நம்பினார்.

"பெட்ரோல் வெல ஏறினா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார்.

"பக்கத்து வூட்டு அண்ணன் இன்னா பண்றாரு? அவரும்தான் தெனம் வண்டியில போறாரு, வர்றாரு. அவங்க வூட்ல பெட்ரோலப் பத்தி ஒரு பேச்சு கெடையாது. அவர மாதிரி நீங்களும் ஓட்டிக் காட்டுங்க, வண்டி இங்கியே இருக்கட்டும். இல்லனா எங்க தம்பி எடுத்துகினு போவட்டும்."

அன்று திங்கட்கிழமை. கையில் ஆறு நாள் இருந்தது.

பக்கத்து வீட்டுத் தம்மபாலனுக்குத் தங்கத்தைச் சோதித்துப் பார்க்கும் அஸ்ஸே ஆபீஸில் வேலை. பௌத்தர், பஞ்சசீலத்தை விடாதவர். கேட்டால் பொய் சொல்லமாட்டார், கேட்காததைச் சொல்லவும் மாட்டார். தினமும் காலையில் தன் பச்சை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு குழாயடி வரை போவார். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊரிகம் லைன் வீடுகளில் மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் விழித்துக்கொள்வார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர்கள் பகலில்தான் தூங்குவார்கள். அதனால் வரிசைக்குள் யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்வதில்லை. குழாயடி தாண்டியபின் ஏறி உட்கார்ந்தால், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துப் பக்கம் போகிற சரிவு.

அந்த வாரம் ஏசுபாதத்துக்கு இரண்டாம் ஷிஃப்ட். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் போதும். காலை முழுக்க ஆராய்ச்சிக்கு நேரம் இருந்தது. ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"அண்ணே, வண்டிக்கு எவ்ளோ பெட்ரோல் போடுறீங்க?" என்று செவ்வாய்க்கிழமை காலை வழிமறித்தார்.

தம்மபாலன் கொஞ்சம் தயங்கினார். "போட்டு ரொம்ப நாளாச்சு தம்பி."

"ரொம்ப நாள்னா?"

"மழைக்கு முன்னாடி."

ஏசுபாதத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது மாசி மாதம். பச்சை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டெப்னி சக்கரம் இல்லை. கண்ணாடி இல்லை. மிதியடி கூட இல்லை.

"ஸ்டெப்னிய ஏண்ணே கழட்டிட்டீங்க?"

"கனம் கொறஞ்சா வண்டி லேசா உருளும் தம்பி. நேரமாவுது, வரட்டா?"

குழாயடியில் ஏறி உட்கார்ந்தார், போய்விட்டார். சத்தமே கேட்கவில்லை. எஞ்சினை எவ்வளவு பதமாக வைத்திருக்கிறார் மனுஷர் என்று ஏசுபாதம் வாயைப் பிளந்து நின்றார்.

அரை மணி நேரத்தில் ஏசுபாதத்தின் ஸ்டெப்னி, கண்ணாடி, மிதியடி, கேரியர் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. மத்தியானம் வேலைக்குப் போகும் வழியில் முன்சக்கரம் பஞ்சர். மாற்றுவதற்குச் சக்கரம் வீட்டில், கட்டிலுக்கு அடியில். ஒரு மைல் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது முக்கால் மணி தாமதம்.

ஏசுபாதம் வைண்டர் டிரைவர். சுரங்கத்தில் ஆளேற்றும் கூண்டான கேஜை மேலே இழுக்கும், கீழே இறக்கும் எஞ்சின் அவர் கையில். அவர் வந்து உட்காரும் வரை முந்தைய ஷிஃப்ட் டிரைவர் எழுந்திருக்க முடியாது. அந்த முந்தைய டிரைவர் பெருமாள், பசியில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கூட்டர் வந்ததுலேர்ந்து லேட்டா வர்ற ஒரே ஆளு நீதான்யா. நடந்து வந்தப்போ கரெக்டா வந்துகினு இருந்தே!"

மறுநாள் ஏசுபாதம் குழாயடியில் ஒளிந்திருந்து பார்த்தார். தம்மபாலன் சரிவில் இறங்குகிறார். எஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் இறங்குகிறார்! விஷயம் விளங்கிவிட்டது. அன்றைக்கே பியாட்ரிஸைப் பின்னால் உட்காரவைத்து மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். கண்ணாடி கழற்றியாயிற்றே, பின்னால் வருவதை யார் பார்ப்பது? அதற்கும் வழி வைத்திருந்தார்.

"கேஜ் எங்க கீதுன்னு எனக்குக் கண்ணுக்குத் தெரியாது. கீழேர்ந்து பெல் அடிப்பாங்க, அத வெச்சுத்தான் எஞ்சின ஓட்டுறேன். அதே மாதிரி நீ என் முதுகுல தட்டு. ஒரு தட்டு, நிறுத்து. ரெண்டு தட்டு, எறக்கு. மூணு தட்டு, ஏத்து. புரிஞ்சுதா?"

"அசிங்கமா இருக்குதுங்க."

"இருபது வருசமா ஆயிரம் உசுரு இந்தக் கணக்குலதான் ஏறி எறங்குது!"

எஞ்சினை நிறுத்தி, சரிவில் விட்டார். காற்று சில்லென்று அடித்தது. பாதிச் சரிவில் பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. பியாட்ரிஸ் பயந்துபோய் இரண்டு கையாலும் கணவன் முதுகில் மத்தளம் வாசித்தாள்.

ஏசுபாதம் எண்ணிப் பார்த்தார். நாலு, ஏழு, ஒன்பது. அப்படி ஒரு சிக்னல் கிடையாது. புரியாத சிக்னல் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, மறுபடி சரியான சிக்னல் வரும் வரை அசையக்கூடாது என்பது வைண்டர் டிரைவரின் முதல் விதி. நட்ட நடு ரோட்டில் பிரேக்கைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

லாரி வேலியை இடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. டிரைவர் தெலுங்கில் ஆரம்பித்துக் கன்னடத்தில் தொடர்ந்து தமிழில் முடித்தான். மூன்றும் பியாட்ரிஸுக்குத் தெரியும்.

"எறங்குறேன்," என்றாள். இறங்கி, கூடையை எடுத்துக்கொண்டு நடந்தே மார்க்கெட்டுக்குப் போனாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இதெல்லாம் மேல்பூச்சு, உள்ளே வேறு சமாச்சாரம் இருக்கிறது என்று வியாழக்கிழமை ஏசுபாதத்துக்குத் தோன்றியது. தம்மபாலன் வேலை செய்யும் ஆபீஸில் அலமாரி அலமாரியாக ரசாயன மருந்து இருக்கும். ஏதோ ஒன்றைக் கலக்கிறார்.

"அண்ணே, மனசு தொறந்து சொல்லுங்க. டாங்கியில இன்னா கலக்குறீங்க?"

"ஒண்ணும் கலக்கல தம்பி."

"சத்தியமா?"

"சத்தியமா என் டாங்கியில ஒண்ணுமே இல்ல." சொல்லிவிட்டுத் தம்மபாலன் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் ஏசுபாதம் அதற்குள் சரி சரி என்று கண்ணடித்துவிட்டுப் போய்விட்டார். அரசாங்க ஆபீஸ் மருந்தாயிற்றே, ரோட்டில் நின்று எப்படிச் சொல்வார்!

அந்த மருந்து என்னவாக இருக்கும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் துணிப்பெட்டியிலிருந்து அந்துருண்டை எட்டு எடுத்து டாங்கியில் போட்டார். அதைப் போட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று யாரோ எப்போதோ சொன்னது. வெள்ளிக்கிழமை வண்டி கறுப்புப் புகையாகக் கக்கியது. லைன் முழுக்கப் பழைய பெட்டியைத் திறந்த வாசனை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். திரும்ப மாட்டும்போது ஒரு சின்ன வளையம் மிச்சமாகிவிட்டது. இதுவும் கனம்தானே என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று வேலைக்குப் போனபோது பெருமாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு தகவல் சொன்னார்.

"ஒங்க லைன் தம்மபாலன் சாயங்காலம் எப்படித் திரும்பறாரு தெரியுமா? மரம் ஏத்துற லாரி மெதுவா மேட்டுல ஏறும் பாரு, அதோட சங்கிலிய ஒரு கையால புடிச்சிகினு ஜம்முனு போறாரு."

ஏசுபாதத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இறக்கத்தில் எஞ்சின் வேண்டாம், ஏற்றத்தில் லாரி. பெட்ரோல் எதற்கு? எவ்வளவு பெரிய மூளை!

சனிக்கிழமை காலை மார்க்கெட் முனையில் ஒரு மர லாரி அகப்பட்டது. சங்கிலியைப் பிடித்தார். வண்டி சும்மா மிதந்தது. ஊரிகம் திரும்பும் இடம் வந்தது. லாரி திரும்பாமல் பங்காரப்பேட்டை ரோட்டில் நேராகப் போனது. விட்டிருக்கலாம். ஆனால் இனாமாக ஓடும் வண்டியை விட யாருக்கு மனசு வரும்? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனதில் நாலு மைல் தாண்டிவிட்டது. அங்கிருந்து திரும்ப எஞ்சினைப் போட்டுத்தான் வரவேண்டியிருந்தது. வளையம் இல்லாத கார்புரேட்டர் வழி நெடுகச் சொட்டிக்கொண்டே வந்தது. குழாயடிக்கு வந்ததும் வண்டி நின்றது. குச்சியை விட்டுப் பார்த்தார். காய்ந்த குச்சியாகவே வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுந்தரராஜ் ஒரு கேனில் பெட்ரோலோடு வந்தான்.

"வளையம் எங்க மாமா?" என்று கார்புரேட்டரைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டான். ஏசுபாதம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் மாட்டி, வண்டியைக் குழாயடி வரை தள்ளிப்போய், ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தான்.

"நல்ல வண்டி மாமா. லிட்டருக்கு அம்பது தாராளமா குடுக்கும். இதுக்கு மேல எந்த ஸ்கூட்டரும் குடுக்காது."

"குடுக்கும்டா. குடுக்கறது ஒண்ணு எங்க பக்கத்து வூட்லயே கீது," என்றார் ஏசுபாதம்.

ஏழு வருஷம் காத்திருந்து வாங்கிய வண்டி பெங்களூர் ரோட்டில் போய் மறைந்தது. ஏசுபாதம் குழாயடிக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதார். வெட்கமில்லாமல் அழுதார். பியாட்ரிஸுக்கே பொறுக்கவில்லை.

"நான் அந்த அண்ணன இழுத்துப் பேசினது தப்புதாங்க," என்று பக்கத்தில் வந்து நின்றாள்.

தண்ணீர் பிடிக்க வந்த தம்மபாலன் மனைவி பழனியம்மா குடத்தை இறக்கி வைத்தாள். "இன்னா தம்பி இது, சின்னப் புள்ள மாதிரி?"

ஏசுபாதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை நின்றும் அந்த அரிப்பு நிற்கவில்லை.

"வண்டி போனாப் போவுது அக்கா. அண்ணன் வண்டி மட்டும் எப்படி ஓடுதுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது. நீங்க மனசு வெச்சா, அந்த எஞ்சின ஒரே ஒரு தடவ தொறந்து பாத்துக்கிறேன்."

பழனியம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அதுக்கு நீங்க பேத்தமங்களாவுக்கு இல்ல போவணும் தம்பி! எஞ்சினக் கழட்டி அங்க கீற என் கூடப்பொறந்த அண்ணன் கெணத்துல தண்ணி எறைக்கக் குடுத்து ஆறு மாசமாவுதே!"