ராசா நெய்த்தேங்காயில் வாய் வைத்த கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமி காரியத்தில் நாய்க்குட்டியை நுழைத்து எழுதினால் பாவம் வந்து சேருமோ என்ற பயம்தான். குருசாமியே தம் வாயால் சொல்லிச் சிரித்த கதை என்பதால் இப்போது துணிந்துவிட்டேன்.

1950களின் நடுவில் முதலமடையில் எங்கள் மாந்தோப்புக் காவலுக்கு ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தேன். ராசா என்று பேர் வைத்தேன். கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது. தோப்பின் இந்தக் கோடியில் நான் தொண்டை கிழியக் கத்துவேன். அது அந்தக் கோடியில் ஓணானோடு பேசிக்கொண்டிருக்கும்.

"ஏனுங்க, அதுக்குக் காது நல்லாத்தான் கேக்குதுங்க. உங்க பேச்சைத்தான் கேக்க மாட்டேங்குது" என்பாள் என் மனைவி தெய்வானை. (வீட்டில் வேறு யார் கேட்டார்கள்?)

நாய் வளர்த்துப் பழகிய என் மச்சினன் வழி சொன்னான்: "தெனமும் ஒரே மாதிரி சத்தம் குடுங்க மாமா. குடுத்ததும் ஒரு வாய்ச் சோறு வையுங்க. அப்புறம் பாருங்க, காலடியிலயே கெடக்கும்."

அந்த நேரம் பார்த்துக் கார்த்திகை பிறந்தது. முதல் தடவையாகச் சபரிமலைக்கு மாலை போட்டேன். காலையும் மாலையும் குளித்துவிட்டு, படத்தின் முன் நின்று, அடிவயிற்றிலிருந்து "சாமியே சரணம் ஐயப்பா" என்று கூப்பிடுவேன். தினமும் தவறாமல் என் வாயில் வரும் சத்தம் அது ஒன்றுதான். எனவே அது முடிந்ததும் குட்டிக்கு ஒரு உருண்டைச் சோறு வைத்தேன். பக்தியும் ஆச்சு, பழக்கமும் ஆச்சு என்று நினைப்பு.

பலித்தது. சரணம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வந்து, என் முன்னால் உட்கார்ந்து, கண் இமைக்காமல் பார்க்கும். "நம்ம ராசாவுக்கு ஐயப்பன் மேல அப்படியொரு பக்திங்க" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

"பக்தி சோத்துச் சட்டி மேலயாட்ட இருக்குதுங்க சாமி" என்றாள் தெய்வானை. (மாலை போட்டால் புருஷனும் சாமிதான். கேலிக்கு மட்டும் விரதம் கிடையாது.)

இருமுடி கட்டும் நாள் வந்தது. அதைக் 'கட்டு நிறைப்பது' என்பார்கள். எங்களை மலைக்குக் கூட்டிப்போகும் குருசாமி எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, என் தேங்காய்க்குள் நெய் ஊற்றினார். சுற்றி நின்ற சாமிமார் எல்லாரும் ஒரே குரலில் சரணம் கூப்பிட்டார்கள்.

ராசா பாய்ந்து வந்து, நடுவில் உட்கார்ந்து, குருசாமியைப் பார்த்தது. சோறு வரவில்லை. மறுபடி சரணம், மறுபடியும் வரவில்லை. இனி இவரை நம்பிப் பயனில்லை என்று தீர்மானித்து, நெய்த்தேங்காயில் தானே வாயை வைத்துவிட்டது.



"வேற தேங்கா கொண்டாங்க. அதைப் புடிச்சுக் கட்டுங்க" என்றார் குருசாமி.

மாட்டுச்சாளையில் கட்டினேன். புதுத் தேங்காயோடு சரணம் கூப்பிட்டோம். சாளையிலிருந்து ஊளை கிளம்பியது. ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு ஊளை.

யானையும் புலியும் திரியும் காட்டுவழியில் மலைக்கு நடந்துபோன காலம் அது. போகிறவர் திரும்பி வருவாரா என்று வீட்டார் கலங்கி நிற்கிற வேளையில் நாய் ஊளையிடலாமா? எல்லார் முகமும் கறுத்தது.

"சாமி, இந்த ஊளையோட உங்க தலையில இருமுடிய ஏத்த மாட்டேன். நீங்க அடுத்த வருசம் வாங்க" என்றார் குருசாமி.

எனக்குக் கண் தளும்பிவிட்டது. "மெல்லமாச் சொல்லிப் பாக்கலாங்க சாமி" என்று கெஞ்சினேன். தாடி வைத்த அத்தனை பேரும் களவுக்குப் போகிறவர்கள் மாதிரி ரகசியக் குரலில் சரணம் சொன்னார்கள். ராசாவுக்கு அதுவும் கேட்டது.

தெய்வானை சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாளைக்குள் போனாள்.

"இப்பச் சத்தமாவே கூப்பிடுங்க சாமி" என்றாள் உள்ளேயிருந்து.

கூப்பிட்டோம். ஊளை இல்லை. சரணத்துக்கு ஒரு உருண்டையாக ஊட்டிக்கொண்டிருந்தாள். அங்கே சட்டி காலியாக, இங்கே இருமுடி என் தலையில் ஏறியது.

புறப்படுகையில் குருசாமி சாளைக்குள் எட்டிப் பார்த்தார். ராசா வயிறு பானையாகி, எழ முடியாமல் மல்லாந்து கிடந்தது.

"இந்த ஊட்டுல இன்னிக்கு ரெண்டு கட்டு நெறைஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு, அந்த மனுஷர் தெருக்கோடி வரை சிரித்துக்கொண்டே நடந்தார்.

ஐயப்பன் கோபிக்கவில்லை, நல்லபடியாகப் போய்த் திரும்பினேன். இன்றைக்கும் நான் மூன்றாம் தடவை சோறு கேட்டால், "இன்னும் கட்டு நெறையலீங்களா?" என்கிறாள் தெய்வானை. பேரப்பிள்ளைகள் உடனே என் எதிரில் வரிசையாக உட்கார்ந்து, கண் இமைக்காமல் என்னையே பார்க்கிறார்கள்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள், ஒன்றும் கூட்டவேண்டாம். என் மச்சினன் சொல்லித் திரிகிற மாதிரி ராசா அந்தத் தேங்காயைத் தின்னவில்லை. நக்கியது, அவ்வளவுதான்.