மெத்தைக்கு அடியில் போன எண்

மர்கிலான் ஊரில் அந்த வாரம் ரொட்டிக் கடையில்கூடக் கூட்டமில்லை. ஊரே குறிசொல்லி மாமரசூலின் வாசலில் நின்றது. மனிதர் புகைமூட்டத்துக்கு நடுவே கண்ணை மூடியபடி உங்கள் வீட்டு இணையப் பெட்டியான ரவுட்டரின் ரகசிய எண்ணைச் சொல்லிவிடுவார். ஓடிப்போய்ப் பெட்டியைத் திருப்பினால் அடியில் அதே எண் அச்சாகியிருக்கும். ஞானதிருஷ்டிக்கு வேறு சாட்சி வேண்டுமா?

தையல்காரி முகத்தஸுக்கும் சொன்னார். அவள் மகன் தொலைதூரக் கஸான் நகரில் கட்டட வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் முகம் காட்டிப் பேசுவான். நடுநடுவே படம் உறைந்துவிடும். அதையும் மாமரசூலிடம் சொன்னாள்.

"நம்பர் மேல கண்ணு பட்டிருக்கு மகளே. பெட்டிய மெத்தை அடுக்குக்கு அடியில மறைச்சு வை. நம்பர வெளிய சொன்னா பையனுக்கு ஆகாது."

ஊரைப்போலவே அவளும் எட்டு மெத்தைக்கு அடியில் வைத்தாள். மகன் முகம் அடியோடு மறைந்தது. "கண்ணு கடுமையா இருக்கே, ஆட்டக் கொண்டா" என்றார் மாமரசூல்.

மகன் கல்யாணத்துக்கென்று வளர்த்த ஆடு. இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். ஆடு மட்டும் வர மறுத்தது. அந்தக் கூட்டத்திலேயே யோசித்தது அது ஒன்றுதான்.

இணையக் கம்பி இழுக்கும் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு ஹோஸியத் அந்த வழியாக வந்தாள்.

"உன் நம்பர் என்னக்கா?"

"ஐயோ, சொல்ல மாட்டேன்டி! பையனுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அப்ப நானே சொல்றேன். நூத்தித் தொண்ணூத்திரண்டு, நூத்தி அறுபத்தெட்டு, ஒண்ணு, ஒண்ணு. சரியா?"

முகத்தஸ் வாய்பிளந்தாள். பின்னாலிருந்து ஒரு கிழவர் பாய்ந்தார். "ஏம்மா, அது என் நம்பரு!"

"உங்களுதா? என்னுது!"

"திருட்டுப் பயலே, என் நம்பர எப்படா எடுத்த?"

வரிசை முழுக்கச் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"அடிச்சுக்காதீங்க" என்று சிரித்தாள் ஹோஸியத். "நம்ம ஊருல எல்லாரும் வாங்கினது ஒரே மாதிரிப் பெட்டி. வீட்டுக்குள்ள புழங்குற நம்பர் அத்தனை பெட்டியிலயும் இதேதான். வெளிய கம்பெனி குடுக்கிற நம்பர்தான் வேற. பெட்டிய மெத்தைக்கு அடியில அமுக்கி வச்சா சிக்னல் எப்படி வரும்? குறிசொல்லிப் பெரியவரே, என் வீட்டோட வெளி நம்பரச் சொல்லுங்க பாப்போம்!"

மாமரசூல் கண்ணை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார்.

"இன்னிக்குப் புகை சரியில்ல" என்று எழுந்தவர் கொல்லைப்புறமாகப் போனார். திரும்பவே இல்லை.

முகத்தஸ் ஆட்டோடு வீட்டுக்கு ஓடினாள். பெட்டியை இழுத்து ஜன்னலோரம் வைத்தாள். வெள்ளிக்கிழமை மகன் முகம் பளிச்சென்று வந்தது.

"என்னம்மா, பின்னாடி ஆடு கத்துது?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

ரவுட்டரை மெத்தைக்கு அடியிலிருந்து எல்லாரும் எடுத்துவிட்டார்கள். கூடவே ஒளித்து வைத்த மூளையையும் எடுத்தார்களா என்பது அடுத்த குறிசொல்லி வரும்போதுதான் தெரியும்.