நாலு அறை தள்ளி இருந்த 'நேர்ல'

வாட்ஸ்அப்புக்கு இந்த உலகத்திலேயே ஒரே ஒரு எதிரிதான். அவன் பெரம்பலூரில் எங்கள் கல்லூரி விடுதியில், எனக்கு நாலு அறை தள்ளிக் குடியிருந்தான்.

அரியலூர்ப் பக்கத்து ஆள். வருகைப் பதிவேட்டில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவன் 'நேர்ல'. குரூப்பில் வருவதையெல்லாம் படிப்பான், ஒரு எழுத்து தட்டமாட்டான். பதிலை நேரில் வந்துதான் சொல்வான். காலையில் 'குட் மார்னிங்' போட்டுவிட்டுப் பல் விளக்கப் போனால், வாய் நிறைய நுரையோடு நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் "குட் மார்னிங்டா" என்று குரல் வரும். உளவியல் படித்த பெண் ஒருத்தி, ஆளுமைக் குணங்கள் பற்றி நாற்பது கேள்விகளோடு ஆன்லைன் படிவம் அனுப்பினாள். இவன் அவள் வகுப்புக்கே போய், வாசலில் நின்று நாற்பதுக்கும் வாயால் பதில் சொன்னான். 'கூச்ச சுபாவம் உள்ளவரா?' என்பதற்கு மட்டும் வெகுநேரம் யோசித்தானாம்.

குரூப்பில் ஒருத்தன் இன்னொருத்தனைத் திட்டினால் தீர்ந்தது. "வா, அவன் ரூமுக்குப் போவோம். இத அப்புடியே படிச்சுக் காட்டு" என்று திட்டியவனைக் கிளப்புவான். ஒருத்தனும் படித்ததில்லை. எல்லோருக்கும் திடீரென்று துணி துவைக்கிற வேலை வந்துவிடும். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

எங்கள் வகுப்பில் செல்வி என்றொரு பெண், குன்னத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். செமினாரில் பாதியில் பேச்சு வராமல், திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் அதைப் படமெடுத்து, 'லோடிங்' என்று எழுதி, பெயரில்லாத ஒரு மீம் பக்கத்தில் போட்டேன். அந்தப் பக்கத்தை நடத்தியதே நான்தான் என்பது ஒருவருக்கும் தெரியாது. சாயங்காலத்துக்குள் அது ஸ்டிக்கராகிவிட்டது. மெஸ்ஸில் சாம்பார் வரத் தாமதமானாலும் செல்வி முகம்தான். நாலு நாளாக அவள் வரவில்லை. படிப்பையே நிறுத்தப்போகிறாள் என்றார்கள் தோழிகள்.

நேர்ல கதவு கதவாகத் தட்டினான். "இது நீ செஞ்சதா?" எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்றார்கள். நான் என் பக்கெட்டைப் பார்த்து இல்லை என்றேன்.

"சட்டையப் போடு. குன்னத்துக்குப் பஸ் இருக்கு."

"அந்தப் பக்கத்துலயே சாரி போட்டுடறேன்டா."

"அங்கயா அவ இருக்கா?"

செல்வி வீட்டு வாசலில் சின்ன வெங்காயக் குவியலைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்து காய்ந்த வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டிருந்தது. "வாங்க சாமி, காலேஜ் புள்ளைவளா?" என்றார் அவள் அம்மா.

"ஆமாங்கம்மா. இவன் செல்விகிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அத்தனை கத்திகளும் நின்றுவிட்டன. பஸ்ஸில் வழி முழுக்க மனப்பாடம் செய்த வாக்கியம் எங்கே போனதோ. வாயைத் திறந்தேன், திறந்தபடியே நின்றேன்.

செல்வி கத்தியைக் கீழே வைத்தாள். "என்னா, ஒனக்கும் லோடிங்கா?"

"நான்தான் செஞ்சேன். மன்னிச்சுரு."

"யாரப் பாத்தாலும் இவனா இருக்குமோ, அவளா இருக்குமோன்னு இருந்துச்சு. காலேஜே பேயாட்டம் தெரிஞ்சுச்சு. நீ ஒருத்தன்தானா?" என்றாள். திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தாள். என்னிடம் மட்டும் ஒரு மாதம் பேசவில்லை, அது நியாயம்தான்.

நேர்ல இப்போது வேப்பந்தட்டையில் வேலை பார்க்கிறான். வாழ்த்து அனுப்பினால் நீல டிக் விழும், அதோடு சரி. கோபத்தில் யாரையாவது திட்டி எதையாவது தட்டிவிட்டால், அனுப்புவதற்கு முன் இன்றைக்கும் ஒருமுறை கதவைப் பார்க்கிறேன். அந்தப் பாவி வந்து தட்டமாட்டானா என்று இருக்கிறது.